படுக்கிற இடம் யார் பேரில் இருக்கிறது?

"கவர்மெண்ட்டு ஊடு ஒண்ணு வாங்கிக் குடுங்ணா" என்று என் மேசைக்கு வருகிறவர்களிடம் நான் வருமானத்தை முதலில் கேட்பதில்லை. ரேஷன் கார்டும் பிறகுதான். "இப்பப் படுக்கற எடம் யார் பேர்ல இருக்குதுங்?" என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு வரும் பதிலை வைத்தே அந்தக் குடும்பத்துக்கு வீடு சீக்கிரம் வருமா, வருஷக்கணக்கில் இழுக்குமா, அதற்கு முன்னால் வேறு எந்த ஆபீஸ் படியை ஏற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

கோவைக்கு வடகிழக்கே, சத்தி ரோட்டுக்கும் அவிநாசி ரோட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பேரூராட்சியில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். டைப்ரைட்டிங் லோயர் பாஸான கையோடு இந்த வேலைக்கு வந்தேன். அன்றைக்கு ரெமிங்டன் மெஷினும் கார்பன் பேப்பரும்தான் முதல். இன்றைக்குப் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின் எல்லாம் வந்து, பாதி மனு இணையத்தில் போகிறது. வீட்டுக்காக வருகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய கர்ணம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது வேலை இழந்தவர்களில் ஒருவர். விஏஓக்கள் வந்து உட்கார்ந்தார்கள். இவர் வெளியே மேசை போட்டார். அடங்கலும் 'அ' பதிவேடும் அவருக்கு மனப்பாடம். "மனுவுல கஷ்டத்துக்கு ஒரு வரி போதும் தம்பி. சர்வே நம்பர், மனை எண், நாலு பக்கத்து எல்லை சொல்ற செக்குபந்தி மூணும் தப்பில்லாம இருக்கோணும். ஆபீசருக்கு எரக்கம் இருந்தாலும் கையெழுத்துப் போடக் கணக்கு வேணுமல்லோ" என்பார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுத் திட்டங்கள் பெயர் மாறி வந்து போய்விட்டன. அவர் சொன்னது ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிறது.

என் கேள்விக்கு எங்கள் பக்கம் ஐந்து விதமான பதில் வரும்.

"தோட்டத்துச் சாளைலங்" என்பது ஒன்று. பண்ணயத்துக்கு வந்தவர்கள். தோட்டக்காரர் ஒதுக்கிக் கொடுத்த சாளையில் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை வாழ்ந்திருப்பார்கள். வேலை நின்றால் இடமும் நின்றுவிடும்.

"லைன் ஊட்லங்" என்பது இரண்டாவது. சோமனூர், பல்லடம், திருப்பூர் எங்கும் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் வரவர, வரிசையாகச் சுவர் வைத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட வாடகை வீடுகள் எழுந்தன. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வளவுக்கெல்லாம் சேர்த்து ஒரு குழாய், கடைசியில் பொதுக் கக்கூஸ்.

"காலனிலங், எங்க மாமியா பேர்ல பட்டா இருக்குதுங்" என்பது மூன்றாவது. பட்டா இருக்கும். அது யார் பேரில், எந்தக் கணக்கில், எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் வேலை.

"பொறம்போக்குலங்" என்பது நான்காவது. அது நத்தமா, மேய்ச்சலா, ஓடைக்கரையா என்று பார்க்க வேண்டும். ஆட்சேபணை இல்லாத புறம்போக்கென்றால் நெடுநாள் குடியிருப்பைக் காட்டி வரன்முறை கேட்கலாம். குளத்துக் கரையும் வாய்க்கால் மேடும் என்றால் நீதிமன்ற உத்தரவுகள் குறுக்கே நிற்கும். அங்கே பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவது பாவம்.

"சைட்டு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கனுங்" என்பது ஐந்தாவது. சீட்டுப் போட்டு, நகையை வைத்து, ஒன்றரை சென்ட் இரண்டு சென்ட் வாங்கியவர்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்காது. 2016 அக்டோபர் 20க்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி கொண்டுவந்தது. அந்தத் தேதியைப் பத்திரத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

இந்தப் பதிலுக்குப் பிறகு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீடு பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, ஊராட்சியில் இருக்கிறதா? எங்கள் ஊரில் ஒரு தெருவின் கிழவரம் பேரூராட்சி வார்டு, மேவரம் பக்கத்து ஊராட்சி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே தறிக்குடோனில் வேலை. ஆனால் திட்டம் வேறு, ஆபீஸ் வேறு, தொகை வேறு. ஊராட்சிக்காரர் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பேரூராட்சிக்காரர் செயல் அலுவலரிடம் போக வேண்டும். அங்கிருந்து பழைய குடிசை மாற்று வாரியத்தின் என்ஜினியர்கள் பார்ப்பார்கள். 1970இல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எல்லை தெரியாமல் தவறான ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு, பதில் வருமென்று வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊராட்சிப் பக்கம் இன்றைக்கு இரண்டு முக்கியமான வழிகள். 2016 நவம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவு ஒன்று. சமவெளியில் வீட்டுக்கு 1.20 லட்சம், மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. அந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை எட்டாது என்று தமிழ்நாடு அரசு கூரைக்கெனத் தனியாகக் கொடுக்கிறது. முதலில் 50,000 ரூபாயாக இருந்தது, பிறகு 1.20 லட்சமானது. ஊரக வேலைத் திட்டக் கூலியும் கழிப்பறைப் பணம் 12,000 ரூபாயும் இதோடு சேரும். இரண்டாவது, 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம். வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

பேரூராட்சிப் பக்கம் 2015 ஜூனில் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. சொந்த மனையில் தானே கட்டிக்கொள்கிறவருக்கு மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60,000 என்று 2.10 லட்சம் ரூபாய். 2024 செப்டம்பரில் இதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. அதில் மாநிலப் பங்கு குறைந்தது ஒரு லட்சம் என்று ஆகி, மொத்தம் 2.50 லட்சமாக உயர்ந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பேரிலும் கெட்டி வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 வருஷத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கக் கூடாது. குடும்பம் என்பது கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள். கல்யாணமான மகன் தனிக் குடும்பம். அப்பாவுக்குத் தொகுப்பு வீடு கிடைத்திருந்தாலும் மகன் தனியாக மனுப் போடலாம். இது தெரியாமல் "எங்கய்யனுக்கு அப்பவே குடுத்துட்டாங்க, எனக்கு வராதுங்" என்று ஒதுங்கி நிற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சட்டமும் கணக்கெடுப்பும் எங்கள் மண்ணின் நிலையோடு எங்கே ஒட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காகத் தமிழகம் முழுக்கக் குடிசைகளை எண்ணினார்கள். 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது அன்றைய நோக்கம். கனவு இல்லத்துக்கும் அந்தப் பட்டியலின் மறு கணக்கெடுப்புதான் அடிப்படை. கொங்குப் பக்கம் ஓலைக் குடிசை எப்போதோ குறைந்துவிட்டது. இங்கே ஏழையின் தலைக்கு மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு, இல்லாவிட்டால் பழைய நாட்டு ஓடு. சித்திரை வெயிலில் தகட்டுக்கு அடியில் குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. ஈரத் துணி கட்டித் தொங்கவிடுவார்கள். ஆனால் குடிசைக் கணக்கில் அந்த வீடு வராது. கிராமசபையில் எழுந்து கேட்கச் சொல்லி நான் பலரை அனுப்பியிருக்கிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடுகிற சபையில் வீட்டுப் பட்டியலை வாசிப்பார்கள். பேர் இல்லாதவர் அங்கேயே சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட்டால் எந்தப் பதிவும் இருக்காது.

இனி ஒரே ஒரு குடும்பத்தின் காகிதத்தை விரித்துக் காட்டுகிறேன். இந்தத் தொழில் என்ன என்பது அதில் முழுதும் தெரியும்.

விசைத்தறியில் தார் சுற்றுகிற ஒரு அம்மணி. மஞ்சப் பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கல்யாணப் பத்திரிகை, அதன் மடிப்புக்குள் பட்டா. எண்பதுகளில் மாமியார் பேரில் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் கொடுத்தது. நான்காக மடித்து மடித்து மடிப்புக் கோட்டில் எழுத்து உதிர்ந்திருந்தது. மனை எண் தெரிந்தது. பரப்பு மூன்று சென்ட். செக்குபந்தியில் வடக்கே வண்டிப் பாதை, கிழக்கே இன்னொருவர் மனை, தெற்கே ஓடை என்று மூன்று எல்லை தெரிந்தது. மேற்கு எல்லை மடிப்பில் போய்விட்டது. முத்திரை நீலம் வெளுத்து ஒரு வட்டமாக மட்டும் நின்றது.

பேரூராட்சியில் மனுக் கொடுத்தால், "ஆன்லைன் பட்டா வேணும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். இணையத்தில் அந்த சர்வே நம்பரைப் போட்டுப் பார்த்தால், நிலம் இன்னமும் பழைய தோட்டக்காரர் பேரிலேயே இருந்தது. நடந்தது என்னவென்றால், 1978ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காகத் தனியார் நிலத்தை எடுத்து, மனை பிரித்து, பட்டாவும் கொடுத்துவிட்டார்கள். வருவாய்க் கணக்கில் உட்பிரிவு செய்து ஏற்றவில்லை. காலனியில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, வரி கட்டி, மின் இணைப்பு வாங்கி வாழ்ந்துவிட்டது. கணக்கைப் பொறுத்தவரை அங்கே காலனியே கிடையாது. இது அந்த ஒரு ஊரின் கதை அல்ல. மேற்கு மாவட்டங்களின் பழைய காலனிகள் பலவற்றில் நான் இதே நிலையைப் பார்த்திருக்கிறேன்.

நிலம் எடுத்த தீர்ப்பாணையும் மனைப்பிரிவு வரைபடமும் கிடைத்தால்தான் மேலே போக முடியும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, இன்ன சர்வே நம்பரில் நிலம் எடுத்த கோப்பின் நகல், பட்டா பெற்றவர் பட்டியல், மனை வரைபடம் என்று மூன்றை மட்டும் கேட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை. முதல் மேல்முறையீடு எழுதினேன். அதற்குப் பிறகு வரைபடம் வந்தது. மடிப்பில் போன மேற்கு எல்லை அதில் தெளிவாக இருந்தது. அதை வைத்துத் தாசில்தாருக்கு உட்பிரிவு கேட்டு மனு. இந்த மனுவை அந்த அம்மணி பேரில் மட்டும் போடவில்லை. காலனிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். ஒரு மனைக்கென்றால் சர்வேயர் வர மாதக்கணக்காகும். காலனி முழுக்க என்றால் அது அரசின் பாக்கி வேலையாகிவிடும். தட்டிக் கழிக்க முடியாது. திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுத்தார்கள். சர்வேயர் சங்கிலியோடு வந்து கல் நட்டார்.

அடுத்தது மாமியார் இறந்துபோனது. வாரிசுச் சான்று வாங்க வேண்டும். மூன்று பிள்ளைகள். மற்ற இரண்டு பேர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொங்கு நாட்டில் சொத்து என்றால் மூன்று சென்ட்டானாலும் பங்காளிக்குள் முகம் மாறும். அந்தக் குடும்பத்தில் மூத்த நங்கையாதான் முன்வந்து, "அவளுக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங், அவளே கட்டிக்கட்டும்" என்று கைநாட்டு வைத்தார். அன்றைக்கு நான் எழுத்துக்கூலி வாங்கவில்லை.

அதன்பிறகும் பேர்ப் பிரச்சினை இருந்தது. ரேஷன் கார்டில் பாப்பாத்தி, ஆதாரில் பாப்பாத்தியம்மாள், வங்கிப் புத்தகத்தில் கணவர் பேரின் இனிஷியலோடு இன்னொன்று. எங்கள் பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு பாப்பாத்தி உண்டு என்பதால் இந்தக் குழப்பம் தினமும் வரும். தவணைப் பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பேர் ஒன்றுக்கொன்று ஒட்டாவிட்டால் பணம் திரும்பிவிடும். திரும்பிய பணத்தை மறுபடி வரவழைப்பது புதிதாக மனுப் போடுவதைவிடக் கடினம். அதனால் வீட்டு மனுவுக்கு முன்பே ஆதாரில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் திருத்திவிடச் சொல்வேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

ரசீதைப் பற்றி இன்னொரு வார்த்தை. வீட்டுத் திட்டம் எதற்கும் விண்ணப்பக் கட்டணமோ "முன்பணமோ" பயனாளி யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. "பேர் லிஸ்ட்ல வந்துருச்சு, இருபதாயிரம் குடுத்தா ஆர்டர் வரும்" என்று வீடு தேடி வருகிறவர் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் புரோக்கர்தான். பட்டியலில் பேர் வந்திருந்தால் அது யாருடைய தயவிலும் வந்ததில்லை. 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரிக்குப் பேசலாம். மனுக் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்கி, தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். என்னிடம் வருகிற பெண்கள் இதை ஆண்களைவிடச் சரியாகச் செய்கிறார்கள். மகளிர் குழுவில் கணக்குப் புத்தகம் எழுதிய பழக்கம் அது.

ஆர்டர் கைக்கு வந்த பிறகு வேறொரு சோதனை. பணம் முன்கூட்டி வராது. அடித்தளம், லிண்டல், கூரை, முழு வேலை என்று கட்டம் கட்டமாக, கட்டியதைப் போட்டோ எடுத்து இடக்குறியோடு ஏற்றிய பிறகு தவணை தவணையாக வரும். ஆக முதல் அஸ்திவாரம் சொந்தப் பணத்தில்தான் எழும்ப வேண்டும். கருமண் பூமியாக இருந்தால் கடைக்கால் ஆழமாகத் தோண்ட வேண்டும். மண்ணுக்குள்ளேயே முதல் தவணை அளவு போய்விடும். கொத்தனார்கள் இப்போது சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்கிறார்கள். நகர்ப்புறத் திட்டத்தில் 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி என்றால் ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. வருவது 2.50 லட்சம். மீதி எங்கிருந்து?

இந்தக் கணக்கை மனு எழுதும் நாளிலேயே தாளில் போட்டுக் காட்டிவிடுவேன். குழுக் கடன் எவ்வளவு, தறி முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்டால் எத்தனை வருஷம் அங்கேயே கட்டுண்டு கிடக்க வேண்டும், நுண்கடன் கம்பெனிக்கு வாரம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுவோம். மூன்று விஷயத்தை அழுத்திச் சொல்வேன். பணி ஆணை கைக்கு வராமல் பழைய வீட்டைப் பிரிக்காதீர்கள். திட்டம் சொன்ன அளவுக்கு மேல் ஒரு அறை சேர்க்க ஆசைப்படாதீர்கள். பாதியில் நிற்கும் வீடுகளில் பெரும்பாலும் வரைபடம் பெரிதானதுதான் காரணம். மாடிப்படியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், கழிப்பறையை விட்டுவிடாதீர்கள். ஊரகத் திட்டத்தில் சிமெண்ட்டும் கம்பியும் துறையே கொடுத்து அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொள்ளும். அதை எடுத்து வைக்க மழை படாத இடம் முதலில் வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவேன்.

தார் சுற்றுகிற அந்த அம்மணி கட்டி முடித்தார். வீடு அவர் பேரில் இருக்கிறது. நகர்ப்புறத் திட்டம் குடும்பத் தலைவி பேரிலோ, கணவனோடு கூட்டாகவோ வீடு இருக்க வேண்டும் என்கிறது. நான் பார்த்த வரையில் இந்தத் திட்டத்தின் மிக நல்ல வரி அதுதான். குடித்துவிட்டு வந்து "ஊட்ட உட்டு வெளிய போ" என்று சொல்ல முடியாத நிலையை ஒரு காகிதம் உண்டாக்கியிருக்கிறது.

ஆனால் என் ஐந்து பதில்களில் சாளைக்கும் லைன் வீட்டுக்கும் இந்தக் கதை நடக்காது. அவர்களுக்கு மண் இல்லை. கட்டுவதற்கான எல்லா மானியமும் மண் உள்ளவருக்கே வருகிறது. ஏழைகளிலும் அடித்தட்டில் இருப்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். நகரத்தில் அவர்களுக்கு வாரியத்தின் அடுக்குமாடி உண்டு. கோவையில் குளக்கரைகளில் இருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் என்று கொண்டுபோனார்கள். கூரை கெட்டியானது. உக்கடத்துச் சந்தையில் கூலி வேலை பார்த்தவருக்கு விடியற்காலை பஸ் கிடைக்குமா என்பது கூரையோடு சேர்ந்த கேள்வி. சிறு பேரூராட்சியில் அந்த அடுக்குமாடியும் அபூர்வம்.

ஏழை ஒண்டுகிற இடம் எப்படிப்பட்டது என்பதை 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூர் காட்டியது. மழையில் ஊறிய பெரிய சுற்றுச்சுவர் ஒன்று காலனி ஓட்டு வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அந்த வாரம் என் மேசைக்கு வந்தவர்கள் வீட்டைவிட, தங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சுவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். நானும் அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டு மனுவிலும் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறேன்.

மண்ணைக் கொடுக்க வழியே இல்லையா? வாளையாறு தாண்டினால் கேரளம். 1970 ஜனவரி 1 முதல் அமலான நிலச் சீர்திருத்தம் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 1971இல் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பு மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. தஞ்சைப் பக்கம் அது பேசப்பட்ட அளவுக்கு எங்கள் தோட்டங்களில் பேசப்படவில்லை. என் மேசைக்கு வந்த சாளைக்காரர்களில் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஒடிசா 2017இல் சட்டம் போட்டு, சிறு நகரங்களின் குடிசைப் பகுதி மக்களுக்கு அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே நில உரிமை கொடுத்தது. நில உரிமை கையில் வந்தவர், அதைக் காட்டி அதே பிரதமர் வீட்டுத் திட்டத்தில் மனுப் போடலாம். வரிசை அங்கே சரியாக இருக்கிறது: முதலில் மண், பிறகு வீடு.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. இலவச வீட்டுமனைப் பட்டா என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. கிராமத்தில் மூன்று சென்ட் வரை கொடுக்கலாம். அரசு நிலம் இல்லையென்றால் ஆதிதிராவிடர் நலத் துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் தனியார் நிலத்தை வாங்கிக் கொடுக்கலாம். கோவை, திருப்பூர்ப் பக்கம் நில விலை ஏறிய வேகத்தில் அந்த வழி ஒடுங்கிவிட்டது. கிடைக்கிற மனையும் ஊரை விட்டுத் தொலைவில் பாறைக் காட்டில் கிடைக்கிறது. வீட்டுத் தொகையை மூன்றரை லட்சமாக உயர்த்தியதை நான் மனதார வரவேற்கிறேன். அதே அக்கறையோடு ஒவ்வொரு பேரூராட்சியைச் சுற்றியும் பஸ் போகிற தூரத்தில் ஏழைக்கான மனை நிலத்தை அரசு இப்போதே வாங்கி வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து வாங்க நினைத்தால் நிலமே இருக்காது. பழைய காலனிகளின் கணக்கில் ஏறாத பட்டாக்களை, காலனிக்காரர் ஒவ்வொருவராக அலையாமல், வருவாய்த் துறையே முகாம் போட்டு ஏற்ற வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சர்வேயரும் உத்தரவும் போதும்.

அரசு செய்கிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. திட்டம் அறிவித்த பிறகு ஓடி வராதீர்கள். அறிவிப்பு வருகிறபோது கையில் பட்டா இருக்கிறவர் பேர் முதலில் ஏறும். இல்லாதவர் அடுத்த திட்டத்துக்குக் காத்திருப்பார். வருஷா வருஷம் மே, ஜூனில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கிறது. அந்த நாளில் ஒவ்வொரு கிராமத்தின் கணக்கும் மேசைக்கு வருகிறது. தாசில்தார், ஆர்ஐ, விஏஓ, சர்வேயர் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் இருப்பார்கள். பரணில் இருக்கிற பட்டாவை எடுத்துப் பாருங்கள். அப்பாரு பேரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கு மனுப் போடுங்கள். கணக்கில் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். ஏறவில்லையென்றால் காலனியே சேர்ந்து ஒரே மனுவாக ஜமாபந்தியில் கொடுங்கள். மண்ணே இல்லாதவர் வீட்டுமனை கேட்டு அங்கேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் பேர் அரசின் புத்தகத்தில் தேதியோடு பதிவாகட்டும். எழுத ஆள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் எல்லாத் தாலுகா ஆபீஸ் வாசலிலும் உட்கார்ந்திருக்கிறோம். சர்வே நம்பரோடு வாருங்கள்.